"சொல்லி அனுப்புகிறோம்" என்ற பிறகு எத்தனை தடவை கேட்கலாம்?

தேவகோட்டைத் தம்பி ஒருவரின் கேள்வி இது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம் முடித்தவர். திருச்சியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு இன்டர்வியூ போய்வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. "சொல்லி அனுப்புகிறோம்" என்றதோடு சரி, பேச்சே இல்லை. காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸிலும் ஒரு ஜவுளிக்கடையிலும் பயோடேட்டா கொடுத்து வைத்திருக்கிறார். "நேர்ல போய் நில்லுடா, முகத்தைக் காட்டினாத்தான் வேலை" என்கிறார் அப்பா. "திரும்பத் திரும்பக் கேட்டா மதிப்பு போயிடும், வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க" என்கிறான் சென்னையில் இருக்கும் நண்பன். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, அப்பா சொல்வது முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பொருந்தும். நண்பன் சொல்வதில் பாதி, எச்.ஆர் என்று தனிப் பிரிவு வைத்திருக்கும் கம்பெனிக்குப் பொருந்தும். மீதிப் பாதி எங்குமே பொருந்தாது. கேட்டதால் மட்டும் யாருக்கும் மதிப்பு போனதில்லை. கையில் ஒன்றுமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்பதால்தான் போகிறது.

நான் பல வருடம் ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருந்தவன். இப்போது கோட்டையூரோடு இருக்கிறேன். நீங்கள் பஸ் ஏறிய பிறகு அந்த ஆபீஸில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எப்போது கேட்பது என்பது பாதி பிடிபட்டுவிடும்.

உங்களிடம் கேள்வி கேட்டவர் ஒரு தாளில் தன் கருத்தை எழுதி வைத்துவிட்டு, மாதக் கடைசிக் கணக்கு என்று தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். உங்களை எடுக்க அவருக்கு மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வெளியூரில் இருப்பார். என்ன சம்பளம் என்பதை இன்னொருவர் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதமாக இருந்தால் "ஏப்ரலில் புது பட்ஜெட் வரட்டும்" என்று அப்படியே நிறுத்தி வைப்பார்கள். இதையெல்லாம் உங்களுக்குப் போன் போட்டுச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. முடிவாகாத விஷயத்தில் எச்.ஆர் வாய் திறக்கவும் மாட்டார்.

இன்னொரு விஷயம், வேலை தேடுகிறவர்களில் பலருக்குத் தெரியாதது. பட்டியலில் முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் இப்போது இருக்கும் கம்பெனியில் நோட்டீஸ் காலம் ஒரு மாதம், சில இடங்களில் மூன்று மாதம். அவர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை இரண்டாவது ஆளுக்கு "இல்லை" என்று யாரும் எழுத மாட்டார்கள். அவர் வராமல் போனால் யாரைக் கூப்பிடுவது? வராமல் போவதும் ஒன்றும் அபூர்வம் இல்லை. கிடைத்த ஆஃபரைக் காட்டி பழைய இடத்திலேயே சம்பளத்தை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. அப்படி ஒருவர் கடைசி நாளில் கைவிரித்தால், எச்.ஆர் அவசர அவசரமாகத் தேடுவது இரண்டாவது ஆளைத்தான். ஆகவே இரண்டு வார மௌனம் என்றால் நிராகரிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு மாதம், ஐந்து வாரம் கழித்து நீங்கள் அனுப்பும் நாலு வரிக்கு, மறுநாளே அனுப்பியதைவிடப் பலன் அதிகம்.

இப்போது கம்பெனிகளிடம் எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

முதல் கேள்வியை இன்டர்வியூ அறையை விட்டு எழுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். "எப்போது முடிவு தெரியும் சார்? அதற்குள் தகவல் வராவிட்டால் யாரிடம் கேட்கலாம்?" இவ்வளவுதான். நம் பிள்ளைகள் கூச்சத்தில் இதைக் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் பதினைந்து நாள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தேதியும் ஒரு பெயரும் கையில் இருந்தால் பிறகு கேட்பது தொந்தரவு ஆகாது. அவர்கள் சொன்ன நாளைத்தான் நீங்கள் நினைவுபடுத்துகிறீர்கள்.

மறுநாள் நன்றி சொல்லி ஒரு மெயில், மூன்று வரி. பேச்சில் வந்த ஏதாவது ஒன்றை அதில் தொட வேண்டும். ஜி.எஸ்.டி ரீகன்சிலியேஷன் (கணக்கையும் தாக்கல் செய்ததையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) பற்றிக் கேட்டார்கள், நீங்கள் அரைகுறையாகச் சொன்னீர்கள் என்றால், இப்போது இரண்டு வரியில் சரியாகச் சொல்லலாம். சான்றிதழ் கேட்டிருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். அதன் பிறகு சொன்ன தேதி வரை சும்மா இருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி.

தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனதும் கேளுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து. பதில் இல்லையா, இன்னும் பத்து நாள் விட்டு இரண்டாவது முறை. அதற்கும் பதில் இல்லையென்றால், இன்டர்வியூ நடந்து ஐந்து வாரம் ஆகும்போது கடைசியாக ஒன்று. அதற்கப்புறம் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அதே கம்பெனி புதிதாக விளம்பரம் போட்டால் அது புதுக் கணக்கு. விண்ணப்பம் மட்டும் போட்டு இன்டர்வியூவுக்கே கூப்பிடாத இடம் என்றால் இவ்வளவு தேவையில்லை. பத்து நாள் கழித்து ஒரே ஒரு மெயில் போதும். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் உங்களுடையது எது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு முறையும் கையில் ஏதாவது கொண்டுபோங்கள் என்பதுதான் இதில் முக்கியம். "ஃபாலோ அப் பண்றேன் சார்" என்பதில் எதிராளிக்கு ஒன்றுமில்லை. படித்து முடித்ததும் பதில் சொல்ல வேண்டிய சுமைதான் மிச்சம். புதிதாக ஒரு தகவல் இருந்தால் அவர் உங்கள் கோப்பைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வந்தது, எந்தத் தேதியிலிருந்து சேர முடியும், திருச்சியிலேயே தங்க இடம் பார்த்தாகிவிட்டது, இப்படி எதுவானாலும் சரி. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். "தேவகோட்டைப் பையன், தினமும் வந்து போவானா, நாலு மாதத்தில் ஓடிவிடுவானா" என்ற சந்தேகம் அந்தப் பக்கம் கட்டாயம் இருக்கும். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களே தீர்த்து வையுங்கள்.

இரண்டாவது மெயில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்:

"வணக்கம். சென்ற மாதம் 4ஆம் தேதி கணக்கு உதவியாளர் பணிக்கான நேர்காணலில் கலந்துகொண்டேன். இந்த வாரம் முடிவு தெரியும் என்று கூறியிருந்தீர்கள். தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். 15ஆம் தேதி முதல் பணியில் சேர முடியும், திருச்சியில் தங்க ஏற்பாடும் செய்துவிட்டேன். கூடுதல் ஆவணம் ஏதேனும் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்."

புது மெயிலாக அனுப்பாமல், முதலில் அனுப்பிய நன்றி மெயிலுக்குப் பதிலாகவே இதை எழுதுங்கள். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று அவர் தேட வேண்டியதில்லை, கீழே எல்லாமே இருக்கும்.

வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டால் அதைவிட நல்ல காரணம் கிடையாது. "வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, உங்கள் கம்பெனியில் சேரத்தான் எனக்கு விருப்பம்" என்று எழுதினால் பெரும்பாலும் அன்றே போன் வரும். ஆனால் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். "சந்தோஷம், அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? இப்படிக் கதவை அடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போனில் கேட்பதென்றால் காலை பதினொன்றுக்கு மேல், அல்லது மாலை மூன்றரை, நாலு மணிக்கு. திங்கட்கிழமை காலை வேண்டாம். ஒரு தடவை அடித்து எடுக்கவில்லை என்றால் விட்டுவிட்டு, பெயரும் விஷயமும் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அடுத்தடுத்து ஐந்து முறை அடித்தால் மிஸ்டு கால் வரிசையைப் பார்த்ததுமே எரிச்சல்தான் வரும். வாட்ஸ்அப்பை அவர்கள் முதலில் பயன்படுத்தினால் மட்டும் நீங்களும் பயன்படுத்துங்கள். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று புழுங்காதீர்கள். இன்னொன்றையும் கையோடு சொல்லிவிடுகிறேன்: எச்.ஆருக்குத் தினமும் காலையில் தாமரைப்பூ படத்தோடு குட்மார்னிங் அனுப்பிய பையன்கள் உண்டு. நினைவில் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நினைவில் நின்றார்கள்தான்.

திருச்சிக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? வேண்டாம். செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. தாண்டினாலும் முடிவெடுப்பவர் கீழே இறங்கி வரமாட்டார். போக வர ஒரு நாளும் பஸ் காசும்தான் செலவு. அப்பா போன் பண்ணுவதும் வேண்டாம். கம்பெனிக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தால் "இவன் தானாக ஒரு வேலையும் செய்ய மாட்டானோ" என்ற எண்ணம்தான் வரும்.

ஆனால் காரைக்குடி வேறு. இங்கே அப்பா சொல்வதுதான் நடக்கும்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, ஆடிட்டர் ஆபீஸ் எல்லாவற்றிலும் முடிவெடுப்பவர் ஒரே ஆள். அவருக்கு மெயில் போட்டால் பார்ப்பதே சந்தேகம். நீங்கள் கொடுத்த பயோடேட்டா கல்லாவுக்கு அடியில் காலண்டரோடு கிடக்கும். இரண்டாவது தடவை நேரில் போனால்தான் "இவனுக்கு உண்மையிலேயே வேலை வேணும்" என்று அவருக்குப் படும். பத்து நாளைக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை வரை தாராளமாகப் போகலாம். எந்த நேரத்தில் போவது என்பதுதான் விஷயம்.

கடை திறந்து போணி ஆகாத நேரத்தில் போய் வேலை கேட்காதீர்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாட்கள், ஆடித் தள்ளுபடி நடக்கும் வாரங்கள், தீபாவளிக்கு முந்தின மாதம் ஆகியவற்றில் முதலாளிக்கு உங்கள் முகமே பதியாது. தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அவர் யோசிப்பது ஆவணியில், அப்போது போனால் காது கொடுப்பார். நாளில் சரியான நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஓய்ந்திருக்கும் மூன்று மணி வாக்கு. முதலாளி ராகுகாலம் பார்க்கிறவராக இருந்தால் நீங்களும் பாருங்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை போய் நிற்க வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை.

நேரே முதலாளியிடம் போகாமல் கணக்கப்பிள்ளையை முதலில் பாருங்கள். "முதலாளி எப்ப இருப்பாங்கண்ணே?" என்று கேட்டால் அவரே நேரம் சொல்வார். பல கடைகளில் ஆள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதே அவர்தான். வேலை கிடைத்தால் உட்காரப்போவதும் அவர் பக்கத்தில்தான்.

ஆடிட்டர் ஆபீஸுக்கு நாள்காட்டியே தனி. மாதாமாதம் ஜி.எஸ்.டி தாக்கல் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்று இரண்டு படிவம் போட வேண்டியிருக்கும். அந்தத் தேதிகளை ஒட்டிப் போனால் ஆடிட்டரின் அறைக் கதவுகூடத் திறக்காது. ஜூலை முழுக்க வருமானவரிக் கணக்கு, செப்டம்பர் முழுக்க வரித் தணிக்கை. நீட்டிப்புக் கொடுத்தால் அதற்கப்புறமும் இழுக்கும். 20ஆம் தேதி தாண்டி வரும் வாரம்தான் உங்களுக்கு உகந்தது. ஒரு எம்.காம் பையன் இந்தத் தேதிகள் தெரிந்து நாள் பார்த்து வந்திருக்கிறான் என்பதே ஆடிட்டர் கண்ணில் ஒரு தகுதி. "20 முடியட்டும்னு காத்திருந்து வந்தேன் சார்" என்று சொல்லியே விடுங்கள்.

ஊரில் இருக்கும் பாரம்பரிய வீட்டு ஓட்டல்களில் கணக்கு வேலைக்கோ வரவேற்பு வேலைக்கோ கேட்பதாக இருந்தால், வெளிநாட்டுக்காரர் வரும் குளிர் மாதங்களுக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில் கேளுங்கள். காலையில் விருந்தினர் அறை காலி செய்யும் நேரத்தில் மேனேஜரைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்து, நம் பக்கத்துக்கே உரிய சிபாரிசு விவகாரம். அந்தக் காலத்தில் நகரத்தார் வீட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் பெட்டியடிப் பையன்களாக, அதாவது கடையின் கடைநிலை உதவியாளர்களாகப் போய், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறிவந்தார்கள். உறவிலும் ஊரிலும் சொல்லிச் சேர்த்துவிட்டவர்கள்தான் பெரும்பாலும். சொன்னவரின் பெயரே ஜாமீன். பையன் சரியில்லை என்றால் அவருக்குத்தான் தலைகுனிவு. அந்தப் பழக்கம் இன்னும் இங்கே எல்லாச் சாதியிலும் மிச்சமிருக்கிறது. "சொல்லி வச்சிருக்கேன்டா" என்று மாமா ஒருவர் சொன்னால் அது பாதி நிஜம், பாதி ஆறுதல். எது என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: "யாரிடம் சொல்லியிருக்கீங்க மாமா, நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். பெயர் வந்தால் நிஜம்.

சிபாரிசு சொன்னவரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கேட்டால் போதும். நீங்களாக அந்த முதலாளியைப் பார்த்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். தன்னைத் தாண்டிப் போய்விட்டதாக அவருக்குத் தோன்றக் கூடாது. ஒரே இடத்துக்கு மூன்று பேரை வைத்துச் சொல்ல வைக்காதீர்கள். கோயில் திருவிழாவில் ஒருவர், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர், கடையில் ஒருவர் என்று ஒரே பையனுக்காக மூன்று பேர் காதைக் கடித்தால் எந்த முதலாளிக்கும் சலித்துப்போகும். வேலை கிடைக்காவிட்டாலும் சிபாரிசு சொன்னவரிடம் போய்த் தகவல் சொல்லுங்கள். அடுத்த தடவை அவரே உங்களைத் தேடிச் சொல்வார்.

அரசு வேலைக்கு இதில் எதுவும் செல்லாது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் புராஜெக்ட் பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அறிவிப்பைப் பார்த்து, சொன்ன நாளில் சொன்ன தாள்களோடு போக வேண்டும். அவ்வளவுதான். மத்திய அரசு நிறுவன அறிவிப்புகளின் கடைசியில், சிபாரிசு பிடித்தால் தகுதி நீக்கம் என்று ஒரு வரி இருக்கும். நம் ஆட்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. எழுதியது டி.என்.பி.எஸ்.சி என்றால் வலைத்தளம்தான் கதி, போன் போட்டு ஆவது ஒன்றுமில்லை. அரசு அலுவலகம் எதிலாவது தேர்வு முடிந்தும் உங்கள் விண்ணப்பம் என்ன ஆனது என்றே தெரியவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

நம் சிவகங்கைச் சீமையில் சிங்கப்பூர், வளைகுடா என்று ஏஜென்ட்டிடம் பணம் கட்டியவர்களும் நிறைய. அங்கே கணக்கு தலைகீழ். பணம் கட்டிய பிறகு கூச்சப்படவே கூடாது. ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று கட்டும் முன்பே பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். உள்ளூரிலோ ஆன்லைனிலோ "பதிவுக் கட்டணம் அனுப்பினால் ஆஃபர் லெட்டர்" என்று யாராவது அவர்களாகவே உங்களைத் துரத்தித் துரத்திக் கேட்டால் அது வேலையே இல்லை. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

"வேலை உங்களுக்குத்தான்" என்று வாயால் சொல்லிவிட்டு ஆஃபர் லெட்டர் தராமல் இழுக்கும் இடங்களும் உண்டு. இங்கே இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை கேட்கலாம், தப்பே இல்லை. தாள் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், மற்ற இடங்களுக்குப் போடுவதையும் நிறுத்தாதீர்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

இனி உங்கள் விஷயம். திருச்சிக்கு இன்னும் ஒரு மெயிலும் போகவில்லை என்று நினைக்கிறேன். இன்று மாலையே மேலே உள்ள மாதிரியில் ஒன்று அனுப்புங்கள், இன்டர்வியூ தேதியை மாற்றிக்கொண்டு. முன்பு அனுப்பிய மெயில் எதுவும் இல்லை என்றால் இன்டர்வியூவுக்கு அழைத்த மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு போன். ஐந்தாவது வாரம் கடைசி மெயில், அதில் "இப்போது இடமில்லை என்றாலும் பரவாயில்லை, இதே பிரிவில் இடம் வரும்போது நினைவில் வையுங்கள்" என்று ஒரு வரி. ஆடிட்டரை 20ஆம் தேதி தாண்டி நேரில் பாருங்கள். ஜவுளிக்கடைக்கு அப்பாவும் கூட வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள், அங்கே அது குறையில்லை. பேச்சை மட்டும் நீங்கள் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வந்தால் அப்பா முந்திக்கொண்டு "நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிடாமல் வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.